பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

"நல்லூரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட..." இலங்கைத் தமிழ் நாளிதழ்களின் மரண அறிவித்தல்களில் நெடுங்காலமாக மாறாத வாய்பாடு இது. ஊர்ப்பெயர்தான் மாறும், நான் வதியும் ஹெந்தளையும் அதில் வருவதுண்டு. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. போரில் வீட்டோடு பதிவுகளையும் இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, யார் எங்கிருந்து எங்கே பெயர்ந்தார் என்பதற்கு இவ்வறிவித்தல்களே சான்று.

இவற்றைத் தட்டச்சிட்டுக் கணினியில் தேடும் இளைஞர்கள் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்னும் உத்தியைக் கையாளுகின்றனர். வாய்பாட்டை வடிவமாக எழுதி, ஊர்ப்பெயரை மட்டும் மாறியாக வைத்தால் ஒரே வடிவம் எல்லா ஊர்களுக்கும் போதும். நல்ல முயற்சியே. ஆனால் கணினி 'இல்லை' என்றவுடன் நம்பிவிடுகிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மாறியில் 'நல்லூர்' என்று இட்டால் 'நல்லூரை' அகப்படாது. கணினிக்கு மெய்யின் மேலுள்ள புள்ளி ஒரு தனிக்குறி. வேற்றுமை உருபு ஏறும்போது அது மறைந்துவிடும். எனவே இறுதிப் புள்ளியை நீக்கியே இடவேண்டும். 'யாழ்ப்பாணம்' என்பதிலோ 'ம்' முழுவதையும் களையவேண்டும், 'யாழ்ப்பாணத்தை' என்றல்லவா அது திரிகிறது! 'யாழ்.' என்னும் சுருக்கம் இதற்கு நேர்மாறு. முற்றுப்புள்ளிக்கு இவ்வுத்தியில் 'எந்தக் குறியும்' என்று பொருள். ஆதலால் யாழ்ப்பாணம் மட்டுமன்றி யாழ்தேவி ரயிலும் வந்து சேரும். பைத்தனில் 'எஸ்கேப்', பேர்ளில் 'குவோட்மெட்டா' ஆகியவை மாறியிலுள்ள முற்றுப்புள்ளியை வெறும் முற்றுப்புள்ளியாகவே கொள்ளச் செய்யும்.

வரி முறிவு இன்னும் பெருந்தொல்லை. ஒடுங்கிய பத்தியில் 'கொட்டாஞ்' ஒரு வரியிலும் 'சேனையை' மறு வரியிலும் நிற்கும். தமிழில் நாம் இணைகோடும் இடுவதில்லை. 'மல்டிலைன்' தெரிவை இயக்கினால் தீரும் என்பது பலரின் எண்ணம். அந்த இரு மொழிகளிலும் அத்தெரிவு, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ^, $ ஆகியவற்றை ஒவ்வொரு வரிக்கும் பொருந்தச் செய்யும், அவ்வளவே. முற்றுப்புள்ளியை வரி தாண்டவைப்பது 'டொட்-ஓல்' என்னும் வேறொரு தெரிவு. முறிந்த ஊர்ப்பெயருக்கு இரண்டும் உதவா. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே வெற்றிடம் வரலாம் என்று வடிவத்திலேயே எழுதவேண்டும்.

டொட்-ஓலை இயக்கி, இரு சொற்களுக்கும் இடையே முற்றுப்புள்ளியும் நட்சத்திரக்குறியும் இட்டுவிட்டால், முதல் அறிவித்தலின் 'பிறப்பிடமாகவும்' பக்கத்தின் கடைசி 'வதிவிடமாகவும்' வரை ஓடும். நல்லூரில் பிறந்து வெள்ளவத்தையில் மறைந்தவர் கொட்டாஞ்சேனைவாசி ஆகிவிடுவார். நட்சத்திரக்குறியை அடுத்து ஒரு கேள்விக்குறி இட்டால் அருகிலுள்ளதோடு நிற்கும். வதிவிடமே குறிக்காத அறிவித்தல் இடையில் வந்தால் அதுவும் போதாது. அறிவித்தல்களைத் தனித்தனியே பிரித்த பின்னர் தேடுவதே முறை. அதைக் கணினியைவிட, பழைய பக்க அமைப்பை அறிந்த ஒருவரே நன்கு செய்வார்.