கவனத்தைத் திருடுவது பாண்டி பஜார் அல்ல

"இந்த இரைச்சலில் எங்கே சார் ஜெபம் பண்ணுவது?" மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை, என் வயதுக் கிறிஸ்தவ நண்பர்கள் பலரும் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஆட்டோ ஹாரன், மெட்ரோவுக்குத் தோண்டுகிற சத்தம், பக்கத்து வீட்டு சீரியல், தி.நகர் கூட்டம் என்று பட்டியல் நீளும். பிரசங்கத்திலும் அதே பல்லவிதான்: உலகம் நம்மை இழுக்கிறதாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. உலகத்தின் மேல் பழி போடுவது சுலபம். நம் கவனத்தைக் கடவுளிடமிருந்து அதிகமாகத் திருடுவது, கடவுளின் பெயரைச் சொல்லி நாம் இழுத்துப் போட்டுக்கொள்கிற வேலைகள்தான்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மார்த்தாள் ரங்கநாதன் தெருவில் புடவைக்குப் பேரம் பேசப் போகவில்லை. இயேசுவுக்குத்தான் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். அவளைத்தான் அவர் இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பலவற்றுக்காக அவள் கலங்குவதைச் சுட்டிக் காட்டினார். சமைத்தது தப்பில்லை. வந்தவரை மறந்து, உட்கார்ந்திருந்த தங்கையின் மேல் கோபப்பட்டாளே, அதுதான் வம்பு.

இப்போது நம் வயதுக்காரர்களின் ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். 5 மணிக்கு எழுந்ததும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு வாக்குத்தத்த வசனம். அதை ஏழெட்டுக் குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். யார் யார் பார்த்தார்கள் என்று நீல டிக்கை எண்ணுகிறோம். அந்த வசனத்தோடு ஒரு நிமிஷம் உட்கார்ந்தோமா?

2020 ஊரடங்கில் யூடியூபில் ஆராதனை பார்க்கப் பழகினோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் கை கால் நன்றாக இருப்பவர்களும் ஞாயிறு காலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே மூன்று சபைப் பிரசங்கங்களைக் கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தால், அதற்கு என்ன பெயர்? சபையிலோ கமிட்டித் தேர்தல், அறுப்பின் பண்டிகை ஏலம், ஆண்டு விழாப் பந்தல். ஆராதனை நேரத்திலும் மனசு பந்தக்கால் கணக்கைத்தான் போடுகிறது.

"அப்படியானால் இந்த வேலைகளை யார் செய்வது?" என்று கேட்பீர்கள். நாம்தான் செய்ய வேண்டும். தானியேல் நம்மைப் போலச் சாதாரண உத்தியோகஸ்தர் அல்ல. தரியு ராஜாவின் ஆட்சியில் மூன்று பிரதானிகளில் ஒருவர். அவருக்கு வேலை குறைவா? தடை உத்தரவு வந்த பிறகும், எருசலேம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து, வழக்கம்போலத் தினம் மூன்று வேளை முழங்கால் போட்டார். தெருச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நாமோ ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ஏ.சி. போட்டு, செல்போனை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம்!

லஸ்ஸில் இருக்கிற பிரகாச மாதா கோயிலைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கடலில் வழி தெரியாமல் தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகள் ஒரு வெளிச்சத்தைப் பின்பற்றிக் கரை சேர்ந்தார்கள். அந்த இடத்தில் எழுந்ததாம் கோயில். 1516 என்று கல்வெட்டு சொல்கிறது. நான் சி.எஸ்.ஐ.காரன், ஆனாலும் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அந்த மாலுமிகள் வெளிச்சத்தைப் பார்த்தபடி கப்பலைச் செலுத்தினார்கள். வெளிச்சத்துக்கு விழா எடுக்க நடுக்கடலில் கமிட்டி போடவில்லை. அன்று சுற்றிலும் காடு. அதனால்தான் 'காட்டுக் கோயில்' என்ற பெயர். இன்று கடையும் பஸ்ஸுமாக இருக்கிறது. அந்த நெரிசலுக்கு நடுவிலும் உள்ளே போய் மண்டியிடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆகவே அமைதியான இடம் தேடி ஏற்காட்டுக்கு ரிட்ரீட் போக வேண்டாம். நாளைக் காலை அந்த வசனம் வரும்போது, அனுப்புவதற்கு முன்னால் ஒரு தரம் நிதானமாக வாசியுங்கள். யாருக்கு அனுப்பப் போகிறீர்களோ, அவர்களில் ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதன் பிறகும் அனுப்பத் தோன்றினால் தாராளமாக அனுப்புங்கள். எனக்கு மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நாலு பேரிடமிருந்து வந்துவிடுகிறது.