பட்டறைப் பக்கம்: மோட்டார் மேல் பழி போடாதீர்கள்!

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக மிக்ஸி, குக்கர், தையல் மிஷின் என்றுதான் கேள்வி வரும். இந்தத் தடவை அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாசகி மோட்டார்ஹோம் வைப்பரைப் பற்றிக் கேட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறார்! பழைய வண்டி ஒன்றைச் சல்லிசாக வாங்கியிருக்கிறார்களாம். இரண்டு குழந்தைகளோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் டிரைவர் பக்கத்து வைப்பர் பாதி தூரம் போய்த் திணறுகிறது. மற்றது அசைவதே இல்லை. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறதாம். ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரையே மாற்றவேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா, அக்கா என்கிறார்.

கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மோட்டார்ஹோம் என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பஸ் மாதிரி வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை செய்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் இவற்றில் பேர் போனது. 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளத்தில் வந்தது. இன்றைக்கும் அதை ஆசையாகப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல டன் எடையுள்ள வண்டி இது. மழையில் முன்னால் இருப்பது தெரியவில்லை என்றால் சட்டென்று பிரேக் போட்டு நிறுத்த முடியாது. பின்னால் குழந்தைகள் வேறு. அதனால் வைப்பர் சரியாகும்வரை வண்டி வாசலை விட்டு நகரக்கூடாது. இது முதல் பேச்சு.

வைப்பர் எப்படி வேலை செய்கிறது? உங்கள் வீட்டுத் தையல் மிஷினைப் பாருங்கள். கால் மிதி மேலும் கீழும் ஆடுகிறது. ஒரு கம்பி அந்த ஆட்டத்தைச் சக்கரத்தின் சுற்றாக மாற்றுகிறது. வைப்பரில் இதே விஷயம் தலைகீழாக நடக்கிறது. மோட்டார் சுற்றுகிறது, அதன் முனையில் உள்ள சிறு கையும், அதோடு சேர்ந்த நீளக் கம்பிகளும் அந்தச் சுற்றை இப்படியும் அப்படியுமாக ஆட்டமாக்கி வைப்பருக்குக் கொடுக்கின்றன. கம்பிகள் சேரும் மூட்டுகளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் புஷ்கள் இருக்கும். இத்தனை வருஷத்தில் அவை தேய்ந்து, நொறுங்கி, கம்பி கழன்று விழுந்துவிடும். மோட்டார் பாவம், தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்! மிக்ஸியில் அடியிலுள்ள கப்ளர் தேய்ந்தால் மோட்டார் இரைகிறது, பிளேடு சுற்றுவதில்லை. அதற்காகப் புது மிக்ஸியா வாங்குகிறோம்?

சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

உங்கள் வீட்டுக்காரரை உள்ளே ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நின்று பாருங்கள். கை வைக்கவேண்டாம். வைப்பர் கை பொருந்தியிருக்கும் தண்டு சுற்றுகிறதா? தண்டு அசைந்து, கை மட்டும் நின்றால் மேலேயுள்ள நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. நட்டு என்றால் ஒரு ஸ்பானரோடு வேலை முடிந்தது. தண்டே அசையவில்லை என்றால் கம்பி மூட்டுகளைப் பார்க்கவேண்டும். அதற்கு வழி வண்டிக்கு வண்டி மாறும்; சிலவற்றில் டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்து பார்க்கவேண்டும், சிலவற்றில் கண்ணாடிக்குக் கீழே வெளிமூடியைக் கழற்றவேண்டும். பெரிய வண்டிகள் சிலவற்றில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டாரே இருக்கும். அதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை விடுவதற்குமுன் சாவியை எடுத்து உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பாட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் விளையாட்டாக ஸ்விட்சைத் தட்டினால் அந்தக் கம்பிகள் விரலை நசுக்கிவிடும்.

கம்பியை மோட்டாரிலிருந்து பிரித்துவிட்டு, இரண்டு வைப்பரையும் கையால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். லேசாகப் போய்வரவேண்டும். எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி முரண்டு பிடித்தால் தண்டில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் டிரைவர் பக்கத்து வைப்பர் திணறுவது இதனால்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, பிறகு புது கிரீஸ் போடுங்கள். தேய்ந்த புஷ்ஷைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். கண்ணளவு உதவாது.

கடைசியில் பாட்டரியை மாட்டி, கம்பி சேராத மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரே சீராக ஓடினால் மோட்டாருக்கு ஒன்றுமில்லை. சோர்ந்து ஓடினால்கூட உடனே பழி போடவேண்டாம். இந்த வண்டிகள் பலவற்றின் உடம்பு ஃபைபர் கிளாஸ். அதில் கரண்ட் பாயாது. ஆகவே மோட்டாரிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு எர்த் ஒயர் தனியாகப் போகும். அதன் முனை துருப்பிடித்தால் மோட்டார் பலவீனமாகத்தான் ஓடும். முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி, தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

வைப்பர் கையைக் கழற்ற நேர்ந்தால் இன்னொன்று. முதலில் கண்ணாடி மேல் மொத்தமான டவல் ஒன்றை மடித்துப் போடுங்கள். ஸ்பிரிங் வேகத்தில் கை தவறி விழுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அந்த அகலக் கண்ணாடிக்கு மோட்டாரின் விலை எவ்வளவோ தேவலை! வைப்பர் ஓய்ந்து நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பொருத்தும்போது கோணல்மாணலாகும். ஏணி போட்டுத்தான் ஏறவேண்டும். பம்பர் மேல் நின்று சாகசம் வேண்டாம்.

இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று யாராவது சிரித்தால், மேரி ஆண்டர்சனைப் பற்றிச் சொல்லுங்கள். அலபாமாவைச் சேர்ந்த அந்த அம்மாள் குளிர்காலத்தில் நியூயார்க் போனபோது, டிராம் ஓட்டுகிறவர் பனியால் முன் கண்ணாடி வழியே பார்க்க முடியாமல் படும் பாட்டைக் கவனித்தார். உள்ளேயிருந்தே நெம்புகோலை அசைத்தால் வெளியே ரப்பர் பட்டை துடைக்கும்படி ஒன்றை யோசித்தார். 1903 நவம்பரில் அதற்குப் பேடன்ட் கிடைத்தது. பணம்தான் கிடைக்கவில்லை, ஒரு கம்பெனியும் அதை வாங்க முன்வரவில்லை.

ரப்பரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயிலில் நிற்கும் வண்டி. ஓடாமலே ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பழையதை அளந்து அதே நீளத்தில் புதிது போடுங்கள். துடைக்க ஈரத்துணி போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருந்தால் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

கண்ணாடியில் தடவும் மழைத் திரவம் இருக்கிறதே, அது போதாதா என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். வேகமாகப் போகும்போது காற்று அடித்துத் துளிகளைத் தள்ளிவிடும், வாஸ்தவம்தான். ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் துளி அப்படியே நிற்கும். குழந்தைகள் ரோட்டைக் கடப்பதும் அங்கேதான். போதாது என்று சொல்லிவிடுங்கள்.