கியர் எண்ணெய்க்கும் குளிர்ச்சி வேண்டும்

சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியே கேரளத்துக்கு டீசல் பிக்கப்பில் டிரெய்லர் பூட்டிச் செல்லும் சகோதரர்களே! உங்கள் வண்டி ஆட்டோமேடிக் கியர் உடையதாயின், மலையேற்றத்தில் எஞ்சினை மட்டும் கவனித்தல் போதாது. டார்க் கன்வெர்ட்டரில் சுழலும் எண்ணெய் கடுஞ்சூடு அடையும். சூடு மிகுந்தால் எண்ணெய் கெடும். கிளட்ச் தகடுகள் கருகும். பல மாத வருவாய் ஒரு பழுதிலே கரையும்.

பல வண்டிகளில் இவ்வெண்ணெய் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்விக்கப்படுகிறது. அங்கிருந்து கியர் பெட்டிக்குத் திரும்பும் குழாயில் தனிக் கூலர் ஒன்றை இணைத்து, ரேடியேட்டருக்கு முன்னே காற்றுப் படும்படி கைதேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்துங்கள். சிவந்த எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசினால் தாமதியாது மாற்றுங்கள். ஏற்றத்தில் சிறு கியரில் செல்லுங்கள்.

கூலர் சூட்டைத்தான் தணிக்கும். வண்டியின் வலிமையைக் கூட்டாது. வகுத்த பாரத்தை மீறாதீர்கள். எதிரே வருவோரின் உயிரும் நம் பொறுப்பே.