வாடகை வருமானம் ஓய்வூதியம் ஆகுமா?

“இரண்டாவதாக ஒரு வீடு வாங்குங்கள், வாடகைக்கு விடுங்கள், மாதத் தவணையைக் குடியிருப்பவரே கட்டிவிடுவார்.” வங்கிகளும் கட்டுமான நிறுவனங்களும் முதலீட்டு ஆலோசகர்களும் நடுத்தர ஊழியரின் காதில் ஓயாது ஓதிவரும் மந்திரம் இது. நம் தொழிற்சங்கங்களில் உள்ளோர் சிலரும் இதற்குச் செவிசாய்க்கத் தொடங்கியிருப்பதால், வெறும் விளம்பரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தியப் பெருநகரங்களில் ஒரு குடியிருப்பின் ஆண்டு வாடகை அதன் விலையில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம்தான். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 60 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 52,000 ரூபாய். 3 சதவீதக் கணக்கில் வாடகையோ 20,000 ரூபாய். மீதி 32,000 ரூபாய் ஊழியரின் சம்பளத்திலிருந்தே வங்கிக்குப் போகிறது. சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், ஆளில்லாது கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி. வாடகை உயருமே என்பார்கள். ஆண்டுதோறும் 5 சதவீதம் உயர்ந்தாலும் தவணையை அது எட்டிப்பிடிக்கக் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் ஆகும். அதாவது கடன் முடியும் தறுவாயில்! இதற்குள் வட்டியாக மட்டும் வங்கி வசூலித்திருப்பது சுமார் 65 லட்சம். வாங்கிய கடனைவிட அதிகம். உண்மையான வீட்டுக்காரர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த நட்டத்தில் ஒரு பகுதியை அரசே சுமக்கிறது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர் வாடகையில் 30 சதவீதத்தையும் கடன் வட்டி முழுவதையும் கழித்துக்கொண்டு, எஞ்சும் “இழப்பில்” 2 லட்ச ரூபாய் வரை தம் சம்பள வருமானத்திலிருந்தும் கழிக்கலாம். கூலியில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுக்கும் கட்டிடத் தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பைசா சலுகையும் கிடையாது.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்ற நம்பிக்கையில். இதற்குப் பெயர் ஊக வாணிபம். விலையேற்றத்தை நம்பி வாங்குபவருக்கு வீட்டில் ஆள் இருக்கவேண்டிய அவசியமில்லை. பூட்டி வைத்தாலும் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற இந்தியாவில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. அதே கணக்கெடுப்பில் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் 6.5 கோடிப் பேர். ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012 இல் மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.87 கோடி, அதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. சந்தை கட்டித் தள்ளுவது 80 லட்ச ரூபாய் வீடுகளை; தேவைப்படுவதோ 3,000 ரூபாய் வாடகை அறைகள்.

ஆனால் தவறான ஆலோசனைக்கு மயங்கிய ஊழியரை ஏளனம் செய்வதில் பயனில்லை. 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு (ஆயுதப் படையினர் தவிர) பழைய ஓய்வூதியம் பறிக்கப்பட்டது. முதுமை சந்தையிடம் ஒப்படைக்கப்பட்டபின் அவர் செங்கல்லையும் சிமெண்டையும் நம்புவது இயல்புதான். பணி ஓய்வுக்குப் பின் மாடியை வாடகைக்கு விட்டு வாழும் மூதாட்டி நம் எதிரியல்லர். ஓய்வூதியம் தரவேண்டிய கடமையிலிருந்து நழுவிய அரசு, அந்தச் சுமையை இன்னொரு உழைப்பாளியான வாடகைதாரரின் தலையில் ஏற்றுகிறது என்பதே பிரச்சினை.

1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகள், தொழிலாளியை வீட்டு உரிமையாளராக்கிவிட்டால் போதும் என்ற புரூதோனியவாதிகளுக்கு எதிரானவை. பெருநகரத் தொழிலாளிக்கு இடம்பெயரும் சுதந்திரம் வாழ்வின் அடிப்படை, சொத்து அவரைக் கட்டிப்போடும் என்று அவர் வாதிட்டார். மாதம் 52,000 ரூபாய் தவணை கட்டும் ஊழியர் வேலைநிறுத்த அறிவிப்பு வரும்போது முதலில் எதை எண்ணிப் பார்ப்பார் என்பது சங்கப் பணியாற்றும் தோழர்களுக்குத் தெரியாததல்ல.

2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை 2 மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. பத்து மாத முன்பணம் கேட்டுப் பழகிய பெங்களூரில் இதுவே பெரிய நிம்மதியாக இருக்கும். மற்றபடி வாடகைத் தொகையை இருதரப்பு ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. காலம் முடிந்தும் காலி செய்யாதவரோ முதல் 2 மாதங்களுக்கு இருமடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் செலுத்த வேண்டும். ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, 2020 இல் அறிவிக்கப்பட்ட வாடகைக் குடியிருப்புத் திட்டமும், அரசுப் பணத்தில் கட்டப்பட்டு ஆளின்றிக் கிடந்த வீடுகளை 25 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைக்க வழிசெய்தது.

அரசே கட்டி, அரசே உரிமை கொண்டு, கூலிக்கு ஏற்ற வாடகைக்கு விடும் வீடுகள் வேண்டும். பழைய ஓய்வூதியம் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே போராட்டத்தின் கோரிக்கைகள். ஊழியர் சங்க மேடையும் குடிசைப் பகுதி மக்கள் மேடையும் இவற்றைத் தனித்தனியே பேசிக்கொண்டிருக்கலாகாது. உள்ளூர்க் குழுக்கள் இப்போதே ஒரு வேலையைத் தொடங்கலாம்: இணைப்பு இருந்தும் ஓராண்டாக மின் பயன்பாடே இல்லாத வீடுகள் வார்டு வாரியாக எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மின் நிறுவனத்திடம் கேட்டு, அந்தப் பட்டியலோடு நகராட்சி வாயிலுக்குச் செல்லலாம்.