உறைபனியும் உழவர் காவலும்

இரவில் சென்னையை விட்டு மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி விரைவு வண்டி, நம் அரக்கோணத்தின் வழியே போகின்றது. வெயிலையே பயிர்க்குப் பகையென்று கண்டு வளர்ந்த நமக்கு, அவ்வண்டி சென்றடையும் மலைநாட்டில் குளிரே பகையாய் நிற்றல் வியப்பாகத் தோன்றும். நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கையும் காரட்டையும் உண்ணும் நாம், அவற்றை விளைப்போரின் இடுக்கணை அறிந்திருத்தல் முறையன்றோ?

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன், 1820-களில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கினார். அவை அம்மலையிற் செழித்தன. ஆயினும் உறைபனி அவற்றை விட்டபாடில்லை. மார்கழிப் பனியினும் மாசியில் பிந்தி வரும் பனி கொடிது. தையில் நட்ட உருளைக்கிழங்கின் இளந்தளிர் ஓரிரவில் கருகிவிடும். கடன் பெற்று விதை வாங்கியவனுக்கு அவ்விரவோடு அப்போகமே போயிற்று.

வானம் தெளிந்து காற்றடங்கிய இரவில், நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கின்றது. குளிர்ந்த காற்று கனமுடைமையால், சரிவினின்று இறங்கிப் பள்ளத்தில் தேங்குகின்றது. ஆகவே மேட்டுப்பயிர் பிழைக்கப் பள்ளத்துப் பயிர் மடிகின்றது.

இதற்குக் காவல் உண்டு. மாலையிலேயே நிலத்தை நனைத்தால், ஈரமண் பகல்வெப்பத்தை மிகுதியாகச் சேர்த்து வைத்து இரவில் மெல்ல விடும். இளஞ்செடிகளை வைக்கோலாலோ தழையாலோ மூடிக் காலையில் நீக்கலாம். தெளிப்பானால் நீர் தெளிப்பதும் நன்று. ஒரு கிராம் நீர் உறையுங்கால் 80 கலோரி வெப்பத்தை விடுகின்றது. ஆனால் பனிக்கட்டி உருகுமளவும் தெளித்தல் வேண்டும். இடையில் நிறுத்தின் கேடு மிகும்.

இம்முறைகளெல்லாம் மாலையிலேயே எச்சரிக்கை பெற்றவனுக்கே பயன்படும். வானிலை நிலையத்தார் மாவட்டத்திற்கு அறிவிப்புத் தருகின்றனர். எனினும் நாலடி உயரத்துப் பெட்டியில் வைத்த வெப்பமானி 3 பாகை காட்டும் பொழுதே, தரையிலுள்ள புல்லின்மேல் பனி உறைந்திருக்கக் கூடும். ஆதலின் பனி தேங்கும் ஒவ்வொரு பள்ளத்திலும், செடியின் உயரத்தில் ஒரு வெப்பமானி நிறுவுதல் வேண்டுமென்பது என் கருத்து. ஆங்குள்ள பள்ளிக்கூடத்தின் மாணவர் நாடோறும் அதனைக் குறித்துவரின், எத்தகைய மாலை எத்தகைய விடியலைத் தரும் என்பது ஓரிரண்டு ஆண்டுகளிற் புலப்படும். ஊரார்க்குப் பொழுதோடே சொல்லவும் இயலும்.

அரசினர் இழப்பீடு தருவரே என்பார் உளர். தருக, வேண்டாமென்பார் யார்? ஆயினும் இழப்பீடு கருகிய பயிரைத் தளிர்ப்பிக்காது. கடந்த பருவத்தையும் மீட்காது. ஒரு வெப்பமானியின் விலையோ சிறிது.

மாணவ நண்பர்களே! உறைதலின் வெப்பத்தை நாம் ஆய்வுக்கூடத்தில் அளந்து ஏட்டில் எழுதி மதிப்பெண் பெறுகின்றோம். அவ்வறிவு ஓர் உழவனின் பாத்தியைக் காக்கும் நாளிலன்றோ நாம் கற்றது கல்வியாகும்!