கொடைக்கானலும் ஒரு தீவுதான்... எப்படி?

தீவுல உயிரினங்களைப் பார்க்கணும்னா மன்னார் வளைகுடாவில் படகு ஏறணும்னு நினைப்போம். ஆனா, பழனி மலையின் உச்சியையும் ஆய்வாளர்கள் 'வான் தீவு' என்கிறார்கள். சுற்றிலும் கடலுக்குப் பதில் வெப்பமான தாழ்நிலம்.

இந்தத் தீவுவாசிகளில் ஒன்று, வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி (பேர்லதான் கிளி, உண்மையில் நீல நிறச் சின்னப் பறவை). பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், நீலகிரியில் இருப்பது வேறு இனம். தாழ்வான கணவாயைத் தாண்டி இவை கலப்பதில்லை. அதாவது, இங்கே வாழிடம் போனால் நீலகிரிக்கு இடம்பெயர வழியில்லை.

வாழிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சோலையை ஒட்டிய புல்வெளியில் மட்டும், 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த இடத்துக்கு வந்தவை பைன், வாட்டில், யூகலிப்டஸ், விவசாயம். ஆமாம், நாம செல்ஃபி எடுக்கிற பைன் காடு மனுஷங்க நட்டதுதான்!

பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி கட்டாயம். அந்தச் சீட்டோடு, எது சோலை, எது நட்ட காடு என்று சொல்லத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டியையும் கட்டாயமாக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். நகருக்குள்ளேயே பாம்பே சோலை இருக்கு. காலையில் சீக்கிரம், ஸ்பீக்கர் இல்லாம போங்க.