மிதிப்பவர் மூச்சு

காலை வேளையில் தருமபுரிச் சாலைகளில் அரசு தந்த மிதிவண்டிகளில் மாணவியர் அணியணியாகச் செல்வதைக் காண்கிறோம். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பினர் அனைவருக்கும் விரிந்த திட்டம் இது. அதற்கும் முன்னே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை மிதிவண்டியில் ஏற்றிற்று. சக்கரம் விடுதலையின் குறியாயிற்று.

ஆனால் அந்தச் சக்கரம் எந்தக் காற்றினூடே உருள்கிறது என்று நாம் கேட்டதில்லை. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊரை ஒட்டிச் செல்கிறது. தொப்பூர் ஏற்றத்தில் திணறி ஏறும் லாரிகளின் கரும்புகையை அறியாதார் யார்? காருக்குள் அமர்ந்திருப்பவரைவிட மிதிப்பவர் இரண்டு முதல் நான்கு மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். புகையே விடாதவர்தாம் புகையை அதிகம் உண்கிறார். நாமோ பெட்ரோல் வண்டியில் கல்லூரிக்குப் போகிறோம். சிக்னலில் நம் புகைக்குழலுக்குப் பின்னால் நிற்பவள் நம் வகுப்பு மாணவியாகவும் இருக்கலாம்.

அப்படியானால் மிதிவண்டியைக் கைவிடுவதா? கூடாது. 2016இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றின் கணக்கு இது: கனமீட்டருக்கு 22 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள நகரில், எவ்வளவு நேரம் மிதித்தாலும் நன்மையே மிகுதி. அளவு 100ஐத் தொட்டால், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல் மிதிக்கும்போது தீங்கு முந்துகிறது. குற்றம் மிதிவண்டியிடம் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் இந்நுண்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பை 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டு வரம்போ 40.

முகமூடி அணியுங்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வது எளிது. அது பாதிக்கப்படுபவர் தலையிலேயே பொறுப்பையும் சுமத்துவதாகும். வாகனப் புகையின் அடர்த்தி சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆகவே நெடுஞ்சாலையை விட்டு விலகிய ஊர்த்தெருக்களை இணைத்துப் பள்ளிக்கு வழி அமைக்கலாம். பள்ளி நேரத்தில் நகருக்குள் லாரிகளை நிறுத்திவைக்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தும் பழைய எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன; அவற்றின் புகைச்சான்று வெறும் தாளாக இருக்கலாகாது.

மிதிவண்டியைக் கொடுத்த அரசு, அதை மிதிக்கும் வழியையும் கொடுக்கக் கடமைப்பட்டது. கேட்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.